ஹூக்கப் இல்லாத இரவு: மோட்டார்ஹோம் பேட்டரி காலை வரை தாங்க என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) லெஷர் பேட்டரி ஒன்று, கூரையில் 100 வாட் சோலார் பேனல், கேஸில் எரியும் ஹீட்டர். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸ் போகிறீர்கள். அதில் இரண்டு இரவு ஹூக்கப், அதாவது வண்டியைச் செருகும் மின் இணைப்பு, இல்லாத இடத்தில் தங்க வேண்டும். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினால் பேட்டரி தாங்குமா, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா, எதை எல்லாம் அணைத்து வைக்க வேண்டும் என்பது கேள்வி.

வண்டி ஸ்டார்ட் ஆகும், அந்தக் கவலையை விடுங்கள். மோட்டார்ஹோமில் இருப்பது ஒரே கூரையின் கீழ் இரண்டு தனிக்குடித்தனம். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்கு ஒரு பேட்டரி, அதுதான் லெஷர் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது மட்டும் நடுவில் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இரண்டையும் இணைத்து, லெஷர் பேட்டரிக்கும் சார்ஜ் அனுப்பும். சாவியைத் திருப்பி அணைத்ததும் பிரித்துவிடும். அதனால் லெஷர் பேட்டரி அடியோடு வற்றினாலும் எஞ்சின் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டே இடத்தில் கவனம் வேண்டும். டிரைவர் சீட் பக்கத்து ஸ்டீரியோ பெரும்பாலும் எஞ்சின் பேட்டரியில்தான் ஓடும். அதில் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்காதீர்கள். இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் கதவுக்கு மேலுள்ள பேனலில் ஒரு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் தள்ளினால் வீட்டுப் பகுதி லெஷர் பேட்டரியில் ஓடும், மறுபக்கம் தள்ளினால் எஞ்சின் பேட்டரியில் ஓடும். உங்கள் வண்டியில் அது இருந்தால் லெஷர் பக்கம்தான் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது லெஷர் பேட்டரிக்கு வருவோம். 100 ஏஹெச் என்று ஒட்டியிருப்பதற்கு அர்த்தம், புதிதாக இருக்கும்போது, மிதமான வெப்பநிலையில், 5 ஆம்ப் வீதம் 20 மணி நேரம் தரும் என்பது. அதைவிட வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதே குறையும். ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897-லேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். குளிரிலும் குறையும், பூஜ்ஜியம் டிகிரியில் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அடிக்கடி இறக்கினால், இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால், தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே உங்கள் 100-ல் செலவழிக்க இருப்பது 50. வண்டியோடு வந்த பேட்டரிக்கு ஐந்தாறு வயது ஆகியிருந்தால், உண்மையில் 60 தான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி 30.

இந்த 30 தான் உங்கள் கைச்செலவுப் பணம் என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

புதிதாக வருகிற எல்லோரும் விளக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பிள்ளைகளை இருட்டில் உட்கார வைப்பவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைத் தின்பது எது என்று பார்க்கும்போது, எத்தனை ஆம்ப் என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதையும் பெருக்க வேண்டும். தண்ணீர் பம்ப் ஓடும்போது 5 ஆம்ப் இழுக்கும், கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் நாள் முழுக்கச் சேர்த்தாலும் பத்து நிமிஷம்தான் ஓடுகிறது. 1 ஏஹெச்கூட ஆகாது. எல்ஈடி விளக்கு ஒன்று 0.15 ஆம்ப். நான்கு விளக்கை ஐந்து மணி நேரம் எரித்தால் 3 ஏஹெச். பழைய ஹாலஜன் பல்பாக இருந்தால் மட்டும் கதை வேறு: 10 வாட் பல்பு ஒன்றே 0.8 ஆம்ப். அதே நான்கு விளக்கு, அதே ஐந்து மணி நேரம், 16 ஏஹெச் போய்விடும். உங்கள் பல்பைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் அது ஹாலஜன். இன்றைக்கே மாற்றுங்கள், சில பவுண்டில் முடிகிற வேலை.

இப்போது ஹீட்டர். சூடு கேஸிலிருந்து வருகிறது என்றாலும், அந்தச் சூட்டைக் குழாய்களில் தள்ளும் ஃபேன் 12 வோல்ட்டில்தான் சுற்றுகிறது. வெப்பக்காற்று ஹீட்டர்கள் சராசரியாக 1 முதல் 1.5 ஆம்ப் எடுக்கும். சிறிய எண்தான். ஆனால் அக்டோபர் கடைசியில் ஃபோர்ட் வில்லியம் பக்கம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாலை 6-லிருந்து காலை 8 வரை 14 மணி நேரம், 1.2 ஆம்ப் என்றால் 17 ஏஹெச். உங்கள் இரவின் மிகப் பெரிய செலவு இதுதான். இதோடு விளக்கு 3, பம்ப் 1, இரண்டு போன் சார்ஜ் செய்ய 3 அல்லது 4, டிவி இரண்டு மணி நேரத்துக்கு 5, பேனலும் அலாரமும் ஃப்ரிட்ஜின் கன்ட்ரோல் போர்டுமாகச் சேர்ந்து 2. கூட்டிப் பாருங்கள், 32 வரும்.

நல்ல 100 ஏஹெச் பேட்டரிக்கு 32 சாதாரணம். வயதான பேட்டரியின் 30-க்கு அது எல்லைக்கோடு. உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. பேட்டரி எவ்வளவு பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதவரை எனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

(டீசல் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பற்ற வைக்கும் சில நிமிஷம் 100 வாட் அளவுக்கு இழுக்கும், பிறகு அடங்கிவிடும். அதனால் அதை அடிக்கடி அணைத்துப் போடுவதைவிட மெதுவாக ஓட விடுவது நல்லது. பேட்டரி தளர்ந்திருந்தால் விடியற்காலையில் அது பற்றவே பற்றாது.)

எனக்கு இது உறைத்தது ஓர் அக்டோபர் இரவில்தான். கிளென்கோவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். பேட்டரியில் 110 ஏஹெச் என்று எழுதியிருந்தது. முந்தைய உரிமையாளர் எப்போது போட்டார் என்று தெரியாது. லேப்டாப் சார்ஜ் செய்ய இன்வெர்ட்டரைப் போட்டவன், லேப்டாப்பை எடுத்த பிறகு இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. அதிகாலை நான்கு மணி இருக்கும், ஹீட்டர் ஃபேனின் சத்தம் மாறியது. சீராக வரும் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இழுத்து, நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் யாரோ குடத்தைக் கவிழ்த்த மாதிரி சரளைக்கல்லில் தண்ணீர் கொட்டும் சத்தம். பாய்லருக்குக் கீழே உறைபனிக்கான வால்வு ஒன்று உண்டு. எங்களுடையது பழைய வகை, மின்சாரம் நின்றால் தானாகத் திறந்துகொள்ளும். பத்து லிட்டர் வெந்நீரும் போய்விட்டது. சின்னவளின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. நால்வரும் ஒரே கட்டிலில் எல்லாப் போர்வையும் போட்டு விடியும்வரை படுத்திருந்தோம். காலையில் மீட்டர் 11.4 வோல்ட் காட்டியது. எஞ்சின் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஊர் திரும்பிப் பேட்டரியைச் சோதித்தபோது, 110 என்று எழுதியிருந்ததில் 40 தான் மிச்சம் இருந்தது.

அந்த இன்வெர்ட்டர் சும்மா இருந்தபடியே 0.5 முதல் 1 ஆம்ப் வரை தின்னும். ஓர் இரவுக்கு 7 முதல் 14 ஏஹெச். ஒரு வேலையும் செய்யாமல். அதனால் இரவு அணைக்க வேண்டியவற்றில் முதலாவதாக இன்வெர்ட்டரைச் சொல்வேன். அப்புறம் டிவி ஆன்டெனாவின் பூஸ்டர், நீல விளக்கு எரியும் யுஎஸ்பி சாக்கெட்டுகள், லெஷர் பேட்டரியில் இணைத்த ரேடியோ இருந்தால் அதுவும். ஒவ்வொன்றும் சிறியது, ஆனால் எல்லாம் 14 மணி நேரம் ஓடுகிறவை. மெயின் சுவிட்சையே அணைத்துவிடலாமே என்று தோன்றும். அணைக்க வேண்டாம்: ஹீட்டரும் நின்றுவிடும், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ்கூடப் பல வண்டிகளில் 12 வோல்ட் இல்லாமல் ஓடாது.

ஃப்ரிட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுடையது கேஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் வகையாக இருந்தால், வண்டியை நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றுங்கள். 12 வோல்ட்டில் அது 10 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். எஞ்சின் அணைந்ததும் ரிலே அதைத் துண்டித்துவிட வேண்டும். பழைய வண்டியில் யாராவது வயரை மாற்றியிருந்தால் துண்டிக்காமலும் போகலாம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜாக இருந்தால் சராசரி 2 ஆம்ப் என்று வைத்து, மேலே போட்ட கணக்கில் இரவுக்கு 25 ஏஹெச்சுக்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது ஒற்றைப் பேட்டரி போதாது.

கிளம்பும் முன் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது, வீட்டு வாசலிலேயே ஓர் இரவு ஒத்திகை. பேட்டரியை நிரப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஹூக்கப் வயரைப் பிடுங்குங்கள். மாலையிலிருந்து குடும்பத்தோடு உள்ளே இருங்கள். ஹைலேண்ட்ஸில் எப்படி இருப்பீர்களோ அப்படியே: ஹீட்டர், விளக்கு, டிவி, போன். காலையில் எழுந்ததும், பம்ப்பைக்கூடத் தொடும் முன், ஹீட்டரை அரை மணி நேரம் அணைத்துவிட்டு வோல்ட்டைப் பாருங்கள். வண்டியின் பேனல் மீட்டரை நம்ப வேண்டாம். பத்துப் பதினைந்து பவுண்ட் மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலேயே அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு 12.7 என்றால் நிறைவு. 12.4, 12.5 என்றால் முக்கால் பங்குக்கு அருகில். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒத்திகையில் காலை எண் 12.4-க்கு மேல் இருந்தால் நிம்மதியாகப் போங்கள். 12.2-க்குக் கீழே வந்தால் பேட்டரியை மாற்றிவிட்டுப் போங்கள், ஏனென்றால் அங்கே உங்கள் வாசலைவிடக் குளிர் அதிகம்.

எஞ்சினையோ சார்ஜரையோ அணைத்த உடனே பார்த்தால் மீட்டர் 13-க்கு மேல் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நுரை மாதிரி. அடங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் 13.1 இருக்கிறதே என்று நம்பித் தாராளமாகச் செலவழித்தால் ஏமாந்துபோவீர்கள். லித்தியம் பேட்டரியில் இந்த வோல்ட் கணக்கே உதவாது, ஏறக்குறைய கடைசிவரை 13.2 பக்கமே நிற்கும். அதற்கு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மானிட்டர் வேண்டும். லெட் ஆசிட்டுக்கும் அதைப் பரிந்துரைப்பேன். பேட்டரிக்கு அடுத்து நீங்கள் செலவு செய்யத் தகுதியான முதல் பொருள் அதுதான். இப்போது எத்தனை ஆம்ப் போகிறது என்று போனிலேயே தெரியும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஒளிந்திருந்து தின்பதை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடலாம்.

இனி அந்த மாலைப்பொழுது. போன், டேப்லட், லேப்டாப் எல்லாவற்றையும் வண்டி ஓடும்போதே முன்சீட்டு சாக்கெட்டில் நிரப்பிவிடுங்கள். ராத்திரிக் கணக்கில் 4 ஏஹெச் மிச்சம். சமையல் முழுக்கக் கேஸ் அடுப்பில். நம் வீடுகளில் ரைஸ் குக்கர் இல்லாமல் கை ஓடாது, தெரியும். ஆனால் 500 வாட் குக்கர் இன்வெர்ட்டர் வழியாக 45 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். 2000 வாட் கெட்டில் 180 ஆம்ப். உங்கள் பேட்டரி அதற்கானதே இல்லை. சின்ன பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று விசிலில் சோறு வெந்துவிடும், கேஸும் மிச்சம். சட்னியை வீட்டிலேயே அரைத்துக் கொண்டுபோங்கள்.

சூட்டை உருவாக்குவதைவிட வெளியே போகாமல் வைப்பது மலிவு. மோட்டார்ஹோமில் சூடு அதிகம் போவது முன் கண்ணாடி வழியாக. வெளிப்பக்கம் மாட்டும் தெர்மல் ஸ்கிரீன் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பளித் திரையாவது தொங்கவிடுங்கள். படுக்கும் முன் 20 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டு, இரவுக்கு 14, 15-க்குக் குறைத்து வையுங்கள். ஹீட்டர் விட்டுவிட்டு ஓடும், ஃபேனின் செலவும் ஏறக்குறைய பாதியாகும். பிள்ளைகளுக்கு நல்ல போர்வையும் காலடியில் வெந்நீர்ப் பையும் போதும். கைக்குழந்தை இருந்தால் இந்த யோசனை வேண்டாம், ஹூக்கப் உள்ள இடத்துக்குப் போங்கள். கேஸ் சிலிண்டர் சிவப்பு நிறத்து ப்ரோப்பேனாக இருக்கட்டும். நீல நிறத்து பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகாது, பேட்டரி நிறைந்திருந்தும் ஹீட்டர் அணைந்துவிடும்.

குளிர் தாங்காமல் யாரும் செய்துவிடக் கூடாத இரண்டு உண்டு. அடுப்பைப் பற்ற வைத்து அறையைச் சூடாக்கக் கூடாது. தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொல்லும். அலாரம் பேட்டரியைச் சோதித்துவிட்டுப் படுங்கள். ராத்திரியில் எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். சும்மா நின்று ஓடும் எஞ்சின் கொடுப்பது கொஞ்சம், புகை உள்ளே வரலாம், பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கும் தொல்லை. பொதுச் சாலையில் அப்படிச் செய்தால் 20 பவுண்ட் அபராதமும் உண்டு.

இரண்டாம் இரவுதான் உண்மையான சோதனை. முதல் இரவு 30 ஏஹெச் போயிருக்கும், அதை எங்கிருந்து திருப்புவது? சோலாரை நம்பாதீர்கள். ஜூன் மாதம் அதே பேனல் ஒரு நாளைக்கு 30 ஏஹெச் தரும். அக்டோபர் கடைசியில், சூரியன் மலைக்குப் பின்னாலேயே சுற்றும் அந்த ஊரில், 5 கிடைத்தாலே நல்ல நாள். ஓட்டுவதுதான் வழி. ஃபோர்ட் வில்லியமிலிருந்து லாக் நெஸ் கரையோரமாக இன்வர்னெஸ் போக 65 மைல், ஒன்றேமுக்கால் மணி நேரம். சாதாரண ரிலே உள்ள பழைய வண்டியில் அந்தப் பயணத்தில் 15 முதல் 25 ஏஹெச் ஏறும். லெட் ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்ப மெதுவாகத்தான் வாங்கும். கடைசி ஐந்தில் ஒரு பங்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே அரை மணி ஓட்டிவிட்டு நிரம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு இரவு நிற்பதைவிட, நடுவில் ஒரு நல்ல பயணம் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை என் வரிசை: எல்ஈடி பல்பு, பேட்டரி பழையது என்றால் நல்ல புதுப் பேட்டரி, ஷன்ட் மானிட்டர், அதற்குப் பிறகு ஓட்டும்போது வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பி2பி சார்ஜர். பேட்டரி வாங்கும்போது நேஷனல் கேரவன் கவுன்சிலின் தரவகையில் ‘ஏ’ என்று இருப்பதைப் பாருங்கள். ஹூக்கப் இல்லாமல் அடிக்கடி தங்குபவர்களுக்கானது அது. லித்தியம் அருமையானதுதான், ஆனால் சார்ஜரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரலாம், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. முதல் வருஷம் அது வேண்டாம்.

இரண்டாம் நாள் சாயங்காலம், எஞ்சினை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து வோல்ட்டைப் பாருங்கள். 12.5 இருந்தால் அங்கேயே தங்குங்கள். 12.4-க்குக் கீழே என்றால் ஹூக்கப் உள்ள கேம்ப்சைட் ஒன்றுக்கு நகர்ந்துவிடுங்கள். இன்னும் திறந்திருக்கிற ஒன்றை முந்தின வாரமே போன் செய்து கேட்டு எழுதி வைத்திருங்கள், அந்தப் பக்கம் பல இடங்கள் அக்டோபரோடு மூடிவிடுவார்கள். வண்டியில் உள்ள சார்ஜர் 18 ஆம்ப் அளவில் இருந்தால், மாலை ஏழுக்குச் செருகினாலும் ஹீட்டர் ஓட ஓட, மறுநாள் காலை நீங்கள் டீ குடிக்கும் நேரத்துக்குப் பேட்டரி நிரம்பியிருக்கும்.